கப்பலூர்க் கணினியும் வெள்ளிக்கிழமைச் சூடமும்

மூன்று பேனா சூடிய மார்பன், கோச்சடை தந்த கோமகன், கண்ணாடியைத் துடைத்தே பாதிப் பகையை முடிப்பவன், கப்பலூர் போல்ட் தொழிற்சாலையின் கணினிக் காவலன் அனந்தராமன் புகழைச் சொல்லத் தொடங்குகிறோம். வைகை மணலே, செவி சாய்ப்பாயாக.

எண்பத்தேழாம் ஆண்டில் ஒரு புதன்கிழமைக் காலை. போல்ட் மூட்டைகளைச் சுமந்த லாரி மதயானைபோல் முழங்கி நின்றது. அதன் பாகனாம் டிரைவர் சங்கிலிக்கு எழுமலையில் தங்கை மகளின் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தமாட்டார்கள். உசிலம்பட்டியில் சரக்கை இறக்கிவிட்டு உச்சிப்பொழுதுக்குள் அவன் போய்ச் சேரவேண்டும். ஆனால் கேட் பாஸ் இல்லாமல் கேட் திறக்காது. கேட் பாஸோ கணினியின் திருவயிற்றில்தான் பிறக்கவேண்டும்.

அவ்வயிற்றில் வாழ்ந்தோர் புரோகிராம் குலத்தார் இருவர். ஒருவன், திரைக்குப் பின்னால் மறைந்திருந்து சரக்கிருப்பைக் காக்கும் சேவகன். மற்றவன், அவனிடம் கேட்டுவந்து பாஸ் அச்சடிக்கும் தூதன். சுவிட்சைப் போட்டால் சேவகன் தானாக எழுவான். என்டரைத் தட்டினால்தான் தூதன் கிளம்புவான். கிளம்பியவன் சேவகனின் கதவை ஒரே ஒருமுறை தட்டுவான். பதில் இல்லையென்றால் "சேவகன் இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அங்கேயே மாண்டுபோவான்.

அன்றும் மாண்டான். டைப்பிஸ்ட் பாலாம்பாள் அணைத்துப் போட்டாள், மறுபடியும் மாண்டான். அது கண்டு வெகுண்ட அனந்தராமன் களம் புகுந்து, ஒயர் நாகங்களைப் பிடுங்கிச் செருகி, மூடி கழற்றித் தூசிப்படையை ஊதித் துரத்தி, போட்டான், தட்டினான், அணைத்தான், மீண்டும் போட்டான், தட்டினான்; விளக்கில் விழும் ஈசல்போல் தூதர்கள் ஓயாது எழுந்து ஓயாது மடிந்தார்கள்.

சங்கிலி ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "சார், வெள்ளிக்கிழமை மட்டும் இது மக்கர் பண்ணாதாம்ல. டைப்பிஸ்டு அக்கா சூடம் காட்டுறதுனாலயாம். இன்னைக்கும் காட்டிப்புடுங்க. எம்புட்டு நேரம் ஆகப்போகுது?"

"மின்சாரத்துக்கு வெள்ளியும் தெரியாது, புதனும் தெரியாது" என்று இடியென முழங்கிய வீரன், கடிகாரத்தைப் பார்த்ததும் வாளை உறையிலிட்டான். பாலாம்பாள் சுவிட்சைப் போட்டு, சந்தனம் இட்டு, குங்குமம் வைத்து, பூச்சாத்தி, மணியடித்துச் சூடம் சுற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு என்டரைத் தட்டினாள். தூதன் பிழைத்தான். பிரின்டர் போர்முரசம்போல் அதிரத் தொடங்கியது.

அனந்தராமன் சிலையானான். எம்புட்டு நேரம்! சரக்கிருப்பு முழுவதையும் வாசித்து முடித்த பிறகே சேவகன் கதவைத் திறப்பான்; அதற்குள் தட்டியவனெல்லாம் செத்தான். அவசரப்பட்டு அணைத்தபோதெல்லாம் பாதி எழுந்த சேவகனையும் சேர்த்தல்லவா கொன்றோம்! சூடம் தந்தது அருளல்ல, அவகாசம்.

"இதோ, சூடமில்லாமலே நிரூபிக்கிறேன்" என்று அவன் சுவிட்சை நோக்கிப் பாய, சங்கிலி ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு அவன் மணிக்கட்டைப் பற்றினான்.

"நிரூபிங்க சார், நல்லா நிரூபிங்க. நான் கேட்டைத் தாண்டிக்கிறேன்."

கிழித்த பாஸோடு லாரி திருமங்கலத் திசையில் புழுதிப்படலம் எழுப்பிப் பறந்தது. மாமன் மடியில் மருமகள் வீறிட்ட ஒலி எழுமலையையே அதிரச் செய்தது. இங்கே சூடமின்றிச் சோதித்து வென்ற அனந்தராமன், சேவகன் விழித்தெழும்வரை எவ்விரலும் என்டரைத் தீண்டலாகாது என்று எண்டிசையும் கேட்க ஆணையிட்டான்.

மறுநாள் பாலாம்பாள் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனாள்.