கதவில் வரைந்த ஒடுக்கு

நரசிம்மலு அன்றைக்கு அந்தச் சபதத்தைப் போட்டிருக்கவே வேண்டாம். யாரும் கேட்கவில்லை. போட்டதுதான் போட்டார், வீட்டுக்குள் பெண்டாட்டி காதோடு போட்டிருக்கலாம். மனுஷர் வாசலில் நின்று, எதிர்வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் போட்டார்.

"இந்தா பாரு பத்மா. பத்து வருசமா இந்தக் கார ஓட்டறேன். ஒரு கீறல் உண்டா? என் கையால இதுல ஒரே ஒரு ஒடுக்கு உழுகட்டும். அன்னிக்கே சாவிய உன் கையில குடுத்துப்போட்டு நான் பின்சீட்டுல உக்காந்துக்கறேன். கருப்புசாமியண்ணா, நீங்கதான் சாட்சி!"

கருப்புசாமி லாரி ஓட்டியே தலை நரைத்தவர். இப்போது ஓய்வில் பேப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்காமலே, "ஆகட்டுங்க தம்பி" என்றார்.

பத்மாவதி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். ரொம்பக் கோபம் வந்தால் எந்த மொழியும் வராது.

கார் என்றால் வெள்ளைப் பிரீமியர் பத்மினி. சிங்காநல்லூர் வீட்டின் பக்கத்துக் கொட்டகையில், இடதுபுறம் சுவரை ஒட்டி, போர்வை போர்த்தித் தூங்கும். கல்யாணம் காட்சிக்கு எழுந்திருக்கும். மற்ற நாளில் எழுப்பக் கூடாது. நரசிம்மலு பீளமேட்டில் இருந்த தன் லேத் பட்டறைக்கே மொபெட்டில்தான் போனார். பத்மாவதி சூலூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் பஸ்ஸில் போனாள். "பத்மினிக்குப் போர்வை, பத்மாவதிக்குப் புட்போர்டு" என்று ஒருதரம் அவள் சொன்னதை நரசிம்மலு விழுந்து விழுந்து ரசித்தார். ரசித்தாரே தவிர சாவியைக் கொடுக்கவில்லை.

அதற்காக அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் காலையில் அவளுக்கு முன்னால் மொபெட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பறப்பார். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி அவளுக்கு இடம் பிடிப்பார். சாயங்காலம் அவள் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவார். கட்டினவளுக்காக எதையும் செய்கிற மனுஷர்தான், அந்த ஒரு சாவியைத் தவிர.

இந்த அழகில் அவருக்குப் பொழுதுபோக்கு என்ன தெரியுமா? ஒடுக்கு வைப்பது!

பத்மாவதியின் தம்பி சீனிவாசலு சிங்கப்பூரிலிருந்து ஒரு ரிமோட் லாரி கொண்டுவந்து கொடுத்திருந்தான். முழங்கை நீளம் இருக்கும். கையிலிருக்கும் பெட்டியில் குச்சியை நகர்த்தினால் உறுமிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வரும். பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்புதான் நரசிம்மலுவுக்குப் பொறுக்கவில்லை.

"இதென்ன லாரி? சேலத்தக்கூடப் பாக்காத லாரி! நாலு எடத்துல அடி வாங்கி, நாலு மழை நனைஞ்சாத்தான லாரிக்கு ஒரு லட்சணம்?"

ஆரம்பித்தார். கரண்டியை அடுப்பில் காய்ச்சி, அதன் முதுகை பிளாஸ்டிக் பம்பர்மேல் பதமாக அழுத்துவார். சுவரில் மோதின ஒடுக்கு அச்சாக வந்துவிடும். துருவுக்குத் தனி வித்தை. முதலில் காவி நிறத்தை அடித்து, ஈரத்தில் கல் உப்பைத் தூவி, அதற்குமேல் பச்சைப் பெயிண்ட் அடிப்பார். காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பச்சை அங்கங்கே பெயர்ந்து, அடியிலிருந்து துருப்பிடித்த மாதிரி காவி எட்டிப் பார்க்கும். சைலன்சர் புகைக்குப் பத்மாவதியின் கண்மை. பொள்ளாச்சி ரோட்டுப் புழுதிக்கு செங்கல்பொடியில் கலந்த அவளுடைய முகப்பவுடர்.

"ஏனுங்க, ரசத்துக்கு உப்பு எங்கீங்க?"

"டிரைவர் கதவுல இருக்குது."

"கரண்டி?"

"பம்பருக்குப் பக்கத்துல."

"கண்மை?"

"சைலன்சர்ல பாரு."

"எனக்குப் பூசறதையெல்லாம் லாரிக்குப் பூசிட்டீங்க. இன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கும் அதையே அனுப்பிப்போடுங்க."

நிஜக் கார்மேல் ஒரு காக்காய் உட்கார்ந்தால் பதறுகிறவர், பொம்மை லாரியில் ஓர் ஒடுக்குச் சரியாக விழுந்துவிட்டால் அப்படியே சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க லாரிக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்ததில் கார்ப் பக்கமே அவர் போகவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு. சபதம் போட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். ஐப்பசி முகூர்த்தம். பங்காளி வீட்டுக் கல்யாண வரவேற்புக்காகக் காரை எழுப்பிக்கொண்டு போனார். பத்மாவதி கால் வலி என்று வரவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து, பின்பக்கமாகக் கொட்டகைக்குள் ஏற்றும்போது, இடதுபுறம் "டம்!" என்று ஒரு சத்தம்.

இறங்கி ஓடினார். கொட்டகைத் தூணோரம் வைத்திருந்த காலி எண்ணெய் டின் உருண்டு கிடந்தது. காரின் இடது பின்கதவில், சோற்றுத் தட்டு அகலத்துக்கு, ஆழமாக ஓர் ஒடுக்கு.

தூணில் இடித்துத் தொலைத்துவிட்டோம்! கதவு போனதுகூடப் பெரிதில்லை. சபதம்! சாவி! சாட்சி வேறு எதிர்வீட்டில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறது.

சத்தம் கேட்டுப் பத்மாவதி சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு..."

"தொடாத! பெயிண்ட் காயல!"

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று நரசிம்மலுவுக்கே புரிந்தது. புரிந்ததும், அடடா, என்ன மூளை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

"என்ன பெயிண்டுங்க?"

"இது ஒடுக்கு இல்ல பத்மா. வரைஞ்சது. லாரிக்கு வெக்கறதுக்கு முன்னால பெருசா ஒண்ணு வரைஞ்சு பாத்தேன். ஒத்திகை."

பத்மாவதி கதவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி கதவைப் பார்த்தாள். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினாள்.

"வரைஞ்சதுங்களா?"

"பின்ன?"

"குழியாட்டம் தெரியுதுங்களே?"

"அது நெழலு. கறுப்பு கொஞ்சம், சாம்பல் கொஞ்சம். கண்ண ஏமாத்தற வேல."

"கல்யாணத்துக்கு இதோடயா போய்ட்டு வந்தீங்க?"

"அத்தன பேரும் ஏமாந்துட்டாங்க!"

"அட, ஓரத்துல துருகூட வெச்சிருக்கறீங்க!"

நரசிம்மலு குனிந்து பார்த்தார். ஆமாம். ஒடுக்கின் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்து, காவிக் கோடாகத் துரு ஏறியிருந்தது. லாரிக்கு மணிக்கணக்காகத் துரு வைக்கிற மனுஷர், இது எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அந்த அவசரத்தில் அது தெய்வமே பார்த்து வைத்துக் கொடுத்த துருவாகத்தான் அவருக்குத் தெரிந்தது.

"செங்கப்பொடி" என்றார் அடக்கமாக.

"உங்க கையில என்னமோ இருக்குதுங்க. எப்ப அழிப்பீங்க?"

"வர்ற ஞாயித்துக்கெழம."

"சேரிங்க. கேசரி கிண்டி வெச்சிருக்கறேன், சாப்பிட வாங்க."

நாளும் கிழமையும் இல்லாமல் எதற்குக் கேசரி என்று அவர் கேட்கவில்லை. இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிப்பதற்குள், அந்த ஒடுக்கைத் தானே வரைந்ததாக அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

திட்டம் சுலபமானது. திங்கட்கிழமை அவள் பஸ் ஏறியதும் காரை உக்கடத்தில் டிங்கர் அங்கப்பனிடம் விட்டு, கதவைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு வந்துவிட வேண்டியது. திங்கட்கிழமை மழை. பள்ளிக்கூடம் லீவு. பத்மாவதி வீட்டை விட்டு நகரவில்லை. செவ்வாய்க்கிழமை போனால் அங்கப்பன் மாமியார் ஊருக்குப் போய்விட்டான். புதன்கிழமை பார்த்தால், "பெயிண்டுக்குக் காத்து வேணுமல்லங்க?" என்று சொல்லிப் பத்மாவதி கார்ப் போர்வையையே உருவி எடுத்துவிட்டிருந்தாள். கருப்புசாமி கேட்டோரம் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரைஞ்சதுன்னு அம்மணி சொன்னாங்க. நானும் காலமெல்லாம் எத்தனையோ ஒடுக்கு வாங்கியிருக்கறேனுங்க தம்பி. இப்பிடி ஒண்ணப் பாத்ததில்லீங்க."

"ஏதோ, நம்மால ஆனது" என்றார் நரசிம்மலு. சாட்சியே வந்து கண் வைத்த பிறகு காரை எங்கே கிளப்புவது?

வியாழக்கிழமை காலையில் மழை கொட்டியது. பஸ் ஸ்டாண்டில் ஏகக் கூட்டம். நரசிம்மலு வழக்கம்போல ஓடிப்போய் ஜன்னலில் துண்டை வீசினார். துண்டு சரியாக சீட்டில்தான் விழுந்தது. அதன்மேல் ஒரு தடியர் உட்கார்ந்துகொண்டு, துண்டை எடுத்துத் தலையையும் துவட்டிக்கொண்டார்! நரசிம்மலு கத்தினது மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

பத்மாவதி படியில் தொற்றிக்கொண்டாள். எவனோ பூட்ஸ் காலால் அவள் விரலை மிதித்துவிட்டு உள்ளே ஏறினான். அவள் முகம் சுருங்கினதை நரசிம்மலு பார்த்தார். பஸ் கிளம்பும்போது அவள் திரும்பி, நனைந்த கையை ஆட்டினாள்.

"நனையாதீங்க! ஊட்டுக்குப் போய்த் தலையத் தொடைங்க!"

பஸ் போன பிறகும் அவர் மழையிலேயே நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. இரும்பைக் கொட்டகையில் உலர வைத்துவிட்டு, உயிரைப் படிக்கட்டில் தொங்கவிட்டிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அன்றைக்குப் பட்டறையில் லேத் ஓடியது, அவருக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து லாரியைக் கையில் எடுத்தார். அதில் தான் ஆசை ஆசையாக வைத்த ஒடுக்கையெல்லாம் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்மாவதி தின்னர் பாட்டிலும் பழைய துணியுமாக வந்து நின்றாள். கருப்புசாமி ஒரு நாற்காலியையே தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்திருந்தார்.

"அழிக்கறதப் பாக்கலாம்னு வந்தேனுங்க."

நரசிம்மலு துணியை வாங்கினார். நனைத்தார். கதவுமேல் வைத்தார். கை நகரவில்லை.

"இது அழியாது பத்மா."

"ஏனுங்க, கெட்டிப் பெயிண்டுங்களா?"

"பெயிண்டே இல்ல. நாந்தான் தூண்ல இடிச்சேன். சபதத்துக்குப் பயந்துக்கிட்டுப் பொய் சொல்லிப்போட்டேன்." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்து மூடினார். "இனி நீ பஸ்ஸுல போகாத. காரு இடிச்சா இடிச்சுட்டுப் போகுது. நசுங்கினா அங்கப்பன் நிமித்திக் குடுப்பான். உன் கால எந்த டிங்கர்கிட்டக் கொண்டுபோயி நிமித்தறது?"

பத்மாவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏனுங்க, நானும் உங்ககிட்ட..." என்று ஆரம்பித்தாள். கருப்புசாமி பலமாக இருமினார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

"சாட்சி பாத்துக்கிட்டீங்களாண்ணா?" என்றார் நரசிம்மலு.

"பாத்துட்டேனுங்க தம்பி. பின்சீட்டுல ஏறுங்க."

ஏறினார். ஏறினவுடனே முன்சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டினார். "பயப்படாத. நான் ஒண்ணொண்ணாச் சொல்லித் தாரேன். மொதல்ல இதுதான் கிளச்சு..."

பத்மாவதி சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திருப்பினாள். கருப்புசாமி சொல்லாமலே போய் கேட்டைத் திறந்து பிடித்தார். கார் தூணையும் உரசாமல், கேட்டையும் உரசாமல், தண்ணீராக வெளியே போனது. திருச்சி ரோட்டில் ஏறியதும் இரண்டாம் கியர், மூன்றாம் கியர். முன்னால் நின்ற ஒரு டவுன் பஸ்ஸைக் கையைக் காட்டிவிட்டுத் தாண்டினாள். நரசிம்மலுவின் தலை மெதுவாகப் பின்சீட்டுக்குத் திரும்பிப் போனது.

"பத்மா. நீ... எப்பக் கத்துக்கிட்ட?"

"ஆடி மாசத்துலயேங்க. நீங்க பட்டறைக்குப் போற சனிக்கெழமயெல்லாம் கருப்புசாமியண்ணன் சொல்லிக் குடுத்தாரு. லைசென்ஸும் வாங்கியாச்சுங்க."

"இந்தக் கார்லயா?"

"நம்மகிட்ட வேற எந்தக் காருங்க இருக்குது? சாவியத்தான் நீங்க ஊட்டுலயே வெச்சுட்டுப் போறீங்களே."

நரசிம்மலுவுக்கு ஏதோ பொறி தட்டியது. "அப்ப அந்த ஒடுக்கு..."

"நானுங்க. அதுக்கு முந்தின வாரம் சனிக்கெழம தூண்ல இடிச்சுப்போட்டேன். செவுத்துப் பக்கக் கதவுங்கறதால உங்க கண்ணுல படல. நீங்க இடிச்சது வெறும் எண்ணெ டின்னுங்க. அன்னிக்கே சொல்லிப்போடோணும்னுதான் கேசரியெல்லாம் கிண்டி வெச்சுட்டு ஓடி வந்தேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, வரைஞ்சது நானுன்னு நீங்களே வாங்கி மடியில கட்டிக்கிட்டீங்க."

"நிறுத்து! வண்டிய நிறுத்து!"

சூலூர்க் குளத்தோரம் ஒரு வேப்பமரத்தடியில் அழகாக ஒதுக்கி நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவி, திரும்பாமலே தோளுக்குமேல் நீட்டினாள்.

"இந்தாங்க. இடிச்சது நீங்க இல்ல, அதனால சபதம் செல்லாதுங்க. தப்பு என்னோடது."

நரசிம்மலு வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். தொண்டை வரைக்கும் கோபம் வந்திருந்தது. இறங்கி முன்சீட்டுப் பக்கம் வந்தார். கதவைத் திறந்தார். பெடல்மேல் இருந்த அவள் கால் கண்ணில் பட்டது. வியாழக்கிழமை மிதிபட்ட விரல் நகம் கறுத்துப்போய் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு சூலூர் பஸ், படியெல்லாம் ஆள் தொங்க, சாய்ந்துகொண்டே போனது.

தொண்டையில் இருந்த கோபம் அங்கேயே கரைந்துபோனது. குனிந்து, தன் கையாலேயே சாவியைச் சொருகினார். அந்தப் பக்கம் சுற்றிப் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் ஓட்டற" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

அவள் அவர் கைமேல் கையை வைத்தாள்.

"வந்தது வந்தோம். அப்படியே காங்கயம் வழியா கொடுமுடிக்குப் போயி சாமி கும்புட்டுட்டு வந்துரலாமா?"

"போலாமுங்க."

நரசிம்மலு நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டு ஆம்பளை என்று ஒரு வார்த்தையாவது அதிகாரமாகச் சொல்ல வேண்டாமா? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவ்வளவு தூரத்துக்கு இருக்கற பெட்ரோல் பத்தாது. நான் சொல்றதக் கேளு. மொதல்ல பங்க்குக்கு உடு."

"நேத்தே போட்டு வெச்சுட்டேனுங்க" என்றாள் பத்மாவதி.