பெரிய கிராணியின் கடைவாய்ப் பல்

"புடுங்கிட்டா தீந்துச்சு" என்றாள் நல்லம்மாள். விடிந்ததிலிருந்து இது ஆறாவது தடவை.

கன்னையா கஞ்சியை இடது கன்னம் வழியாக இறக்கிக்கொண்டிருந்தார். வலது கடைவாய்ப் பல் நான்கு நாளாக அவரைத் தூங்கவிடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த வரிசையிலேயே யாரும் தூங்கவில்லை. முனகல் அப்படி.

"சுங்கை வே தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரெசர் ரெங்கசாமி அண்ணே இருக்காராம். வலிக்காமப் புடுங்குவாராம். ஒரு நடை போயிட்டு வந்துருவோம்ங்க."

"எவன் முன்னாலயும் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் கன்னையா, வாயைத் திறக்காமலே.

நல்லம்மாளுக்கு அலுத்துவிட்டது. அம்மை குத்த வந்தவரின் பெட்டியைப் பார்த்தே மயங்கி விழுந்த மனிதர் இவர். பதினெட்டு வருஷமாக அவள் பார்க்காததா?

குட்ஸ் ஷெட்டில் பக்கத்து மேசைப் பழனியப்பன் வேறு வழி சொன்னான். எதையாவது அரைகுறையாகப் படித்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லுகிற ஆசாமி.

"வலி மனசுல இருக்கு கன்னையா, பல்லுல இல்ல. உன் பல்லுன்னு நெனக்கிறதாலதான் வலிக்குது. வேற யாரோட பல்லோன்னு நெனச்சுப் பாரு லா."

"யாரோடது?"

"உனக்குப் பிடிக்காதவன் எவனாவது."

கன்னையா யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பல்லை ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி தம்புசாமியின் வாயில் வைத்தார். அரை மணி நேரம் பரம சுகம். பெரிய கிராணி சிரித்தபடி எதிரே வந்து நின்றதும் பல் திரும்ப இவர் வாய்க்கே வந்து சேர்ந்தது.

அதனால் கண்ணைத் திறப்பதைக் குறைத்தார். பேசினால் மனசு கலைகிறதென்று பேச்சையும் குறைத்தார். தலையணை கன்னத்தில் பட்டால் உயிர் போயிற்று, வெறுந்தரையில் மல்லாந்து படுத்தார். கன்னத்தில் சவரக் கத்தி வைக்க முடியவில்லை, தாடி வளர்ந்தது. மீனையும் கறியையும் மெல்ல வழியில்லை. ஒரு வேளை பாலும் பழமும்தான்.

பத்து நாளில் ஆள் பாதியாகிவிட்டார். ஒரு காலையில் கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு மாரியாயி பழத்தட்டோடு நின்றாள். பொத்தென்று காலில் விழுந்தாள்.

"அண்ணே, பத்துமலைக்கு அலகுக் காவடி எடுக்குறீங்களாமே! எங்க வீட்டுக்கும் சேத்து வேண்டிக்குங்க."

கன்னையா விரல் மடக்கி எண்ணினார். தைப்பூசத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. தாடி, வெறுந்தரை, மௌனம், பால் பழம், எல்லாம் அச்சு அசல் விரதக்காரர் கோலம். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். பல்லில் காற்றுப் பட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மலையோட பேரச் சொன்னதுமே உருகுறாரே!" என்று மாரியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எழுதிக் காட்டினால் புரியும் என்று நினைத்தார். ஆபீசில் 'எனக்குப் பல் வலி' என்று துண்டுச் சீட்டில் எழுதிப் பெரிய கிராணியிடம் நீட்டினார். தம்புசாமி அதை இரண்டு தடவை வாசித்தார். சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கேட்டீங்களாய்யா! இந்த வலியோடயும் விரதத்த விடல பாருங்க! கன்னையா, பூசத்துக்கு ஆபீசே உங்க பின்னால நடந்து வரும்."

கன்னையா தளர்ந்துபோய் வீடு திரும்பினார். "இத யாரு கெளப்பிவிட்டது?" என்று முனகினார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் நல்லம்மாள். வெள்ளை வேட்டி ஒன்றை மஞ்சள் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். "ஊரே பேசுது. இப்பப் போயி இல்லேன்னா சாமி குத்தமாயிரும்ங்க."

தைப்பூசத்தன்று காலை பத்துமலை ஆற்றங்கரையில் கன்னையாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் வேட்டி கட்டி, முக்காலியில் உட்கார வைத்தார்கள். உறுமி முழங்கியது. சாம்பிராணிப் புகை கண்ணை மறைத்தது. குட்ஸ் ஷெட் முழுக்க அரோகரா போட்டது. ஓடிவிடலாமென்றால் பழனியப்பன் தோளை அமுக்கிப் பிடித்திருந்தான்.

அலகு குத்துகிறவர் நெற்றி, மார்பு எல்லாம் திருநீறாக எதிரே வந்து நின்றார். "வாயத் தொறங்க சாமி."

மலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படித் திறக்காமல் இருப்பது? கன்னையா கண்ணை இறுக மூடினார். இந்த நாக்கு என்னுடையதில்லை, பெரிய கிராணியுடையது. இந்தக் கன்னம் பழனியப்பனுடையது. உடம்பில் மிச்சம் இருந்ததை வந்திருந்தவர்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, வாயை அகலத் திறந்தார்.

"வேல் வேல்!"

படக்கென்று ஓர் இழுப்பு. எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். அவ்வளவுதான்.

கன்னையாவுக்குப் புல்லரித்தது. நாக்கில் வேல் நிற்கிறது, வலியே இல்லை! மனசு என்றால் இதுவல்லவா மனசு! பெருமையோடு கண்ணைத் திறந்து நாக்கைத் துழாவிப் பார்த்தார். அங்கே வேலைக் காணோம்.

எதிரே நின்றவர் கையில் ஒரு குறடு இருந்தது. அதன் நுனியில் இருந்ததைத் தூக்கிப் பிடித்து, கூட்டத்தில் நின்ற நல்லம்மாளைப் பார்த்து அவர் கேட்டார்:

"தங்கச்சி, புருசன் காவடி எடுக்குறாருன்னு நீ ஊரு பூரா சொல்லிவச்சது இந்தப் பல்லுக்குத்தானே? சரியாப் பாத்துச் சொல்லும்மா, நான் மத்தியானம் சுங்கை வே ஆஸ்பத்திரிக்குத் திரும்பணும்."