பதினான்காம் அறைச் சுவரில் ஒரு கை

விழுப்புரத்தில் ஏதோ ஓர் அரசு மருத்துவமனையில் பதினான்காம் அறையும் பதினைந்தாம் அறையும் அடுத்தடுத்து இருந்தன. நடுவே ஒரு சுவர். பதினான்கில் எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுப்பார்கள். பதினைந்தில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஓர் அறையின் வேலையில் இன்னோர் அறை தலையிடாது. நிர்வாகம் அமைதியாக நடந்தது.

வளவனூர் ஷேர் ஆட்டோ ஓட்டும் மாயவன் பதினேழு வருஷமாகப் பதினான்கில் மாத்திரை வாங்குகிறவர். கிருமி ரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில், ஊரில் எல்லோருக்கும் வருவதுபோல, தலைசுற்றல் வந்தது.

"பிரஷர் மாதிரி தெரியுது. பாத்து மாத்திரை போடாம வண்டிய எடுக்காதீங்க" என்றார் பதினான்காம் அறை டாக்டர்.

"பாருங்க சார்."

"இங்க மெஷின் இல்லையே. அது பக்கத்து ரூம் வேலை."

"அப்ப சீட்டு எழுதிக் குடுங்க, போறேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார், வைத்துவிட்டார். சீட்டில் அறை எண்ணைப் போட்டால் ரகசியம் போய்விடும். வண்டியில் ஏறும் எட்டுப் பேர் காதில் விழுந்தால் மறுநாள் வண்டி காலியாகத்தான் ஓடும் என்று மாயவனுக்கும் தெரியும்.

விஷயம் மருத்துவமனை மேற்பார்வை அதிகாரி சக்கரபாணியின் மேலான கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கமிட்டி அமைந்தது. மூன்று கூட்டம், நான்கு தட்டு பஜ்ஜிக்குப் பிறகு முடிவு வந்தது: ரகசியம் கருதி நோயாளி பதினான்கை விட்டு வெளியே வரக் கூடாது. விதிகள் கருதி மெஷின் பதினைந்தை விட்டு வெளியே வரக் கூடாது. ஆகவே சுவரில் ஓட்டை போடவும்.

"மெஷின தூக்கிக்கினு வந்தா ஆவாதா சார்?" என்று கேட்டார் மாயவன்.

"அது பதினஞ்சாம் ரூம் சொத்துய்யா. கை உன் சொந்தக் கை. அத நீட்ட ஆர்டர் தேவையில்ல" என்றார் சக்கரபாணி.

ஓட்டையின் அளவைத் தீர்மானிக்க, கமிட்டி திண்டிவனம் சென்று ஒரு பரோட்டாக் கடையின் பார்சல் ஜன்னலைப் பார்வையிட்டது. சால்னாவும் பார்வையிடப்பட்டது. ஜன்னலில் முகம் தெரிவதால் அது ரகசியத்துக்கு உகந்ததல்ல என்று குறிப்பு எழுதினார்கள். கை மட்டும் நுழையும் ஓட்டைக்கு அனுமதி வர ஐந்து மாதம் ஆனது. அதுவரை மாயவன் வண்டியை ஓரங்கட்டி, தலையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி எடுத்து ஓட்டினார். "இன்னாண்ணே, ஜல்தி போங்க" என்றார்கள் பின்னால்.

திறப்பு விழாவில் சக்கரபாணியே ரிப்பனை வெட்டி, செயல்விளக்கமாகத் தம் கையை ஓட்டையில் விட்டார். அந்தப் பக்கம் நர்ஸ் இருதயமேரி பட்டையைச் சுற்றினார்.

"ஐயோ, நூத்தித் தொண்ணூறு! யாருங்க அது? நிக்காதீங்க, உக்காருங்க!"

"ரகசியம்! ரகசியம்!" என்று கத்தினார் சக்கரபாணி. பிறகு ஓட்டையில் வாயை வைத்து மெதுவாகக் கேட்டார்: "மாத்திரை உண்டாம்மா?"

மறுநாள் மாயவன் போனபோது பதினான்கில் வாசல்வரை வரிசை. கண்காணிப்பாளர்கள், உதவியாளர்கள், கமிட்டி மொத்தமும், எல்லோருக்கும் முன்னால் சக்கரபாணியும். முகத்தில் கர்ச்சீப். பிரஷர் என்று ஆபீசில் தெரிந்தால் பிரமோஷனுக்கு ஆபத்தாம். சுவருக்குப் பின்னால் கையைத் தவிர எதுவும் தெரியாதாம்.

"நான்தாங்க இந்த ரூம் நோயாளி."

"நாங்க மட்டும் இன்னா, கை இல்லாதவங்களா? வரிசைல வாய்யா."

மாயவனுக்குத் தலை சுற்றியது. வெளியே வந்து பதினைந்தின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே பழைய பலகை: 'முப்பது வயதுக்கு மேற்பட்ட யாரும் வரலாம். சீட்டு தேவையில்லை.'

உள்ளே போனார். இருதயமேரி ஓட்டையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு தங்க வாட்ச்சை "கொஞ்சம் இருங்க" என்று தள்ளிவிட்டு வந்து இவர் கையைப் பிடித்தார். நூற்று எழுபது.

"நர்ஸம்மா, பக்கத்து ரூம்ல பதினேழு வருஷமா மாத்திரை சாப்புடுறேன். அதோட ஒத்துப்போற மாத்திரையா குடுக்கச் சொல்லுங்க."

"தெரியும்ணே. நீங்க அங்கேருந்து வர்றத எத்தனை தபா பாத்திருக்கேன்."

"தெரிஞ்சுமா தெனம் என் வண்டியில வர்றீங்க?"

"உங்க வண்டியிலதாண்ணே பாட்டுச் சத்தம் கம்மி."

இருதயமேரி டாக்டரிடம் கேட்டு மாத்திரையோடு வந்தார். மொத்தம் ஒன்பது நிமிஷம்.

அடுத்த மாதம் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. ஓட்டை வழியே வந்த கைகள் யாவும் பதினான்காம் அறைக் கணக்கில் ஏறியிருந்தன. 'தங்கள் மையத்தில் எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோர் திடீரென நாற்பத்து மூன்று பேர் கூடியது எவ்வாறு? பெயர்ப் பட்டியல் அனுப்புக.'

'பெயர்களை வெளியிட இயலாது. ரகசியம்' என்று சக்கரபாணி பதில் எழுதினார். அந்த அலுவலகம் உண்மையாகவே காப்பாற்றிய முதல் ரகசியம் அதுதான்.

அன்று மாலை அவர் மாயவன் வண்டியில் முன்சீட்டில் ஏறினார். ஆள் ஏறுமுன் காதருகே குனிந்தார்.

"அந்த வரிசைல என்னப் பாத்தத யார்கிட்டயும் சொல்லிடாதப்பா."

"பதினேழு வருஷமா அந்த ரூமுக்கு வந்துக்கினு இருக்கேன் சார்" என்று வண்டியைக் கிளப்பினார் மாயவன். "வாய மூடிக்கினு இருக்க எனக்குக் கமிட்டி வேணாம்."