முதல் காட்சியில் சாகும் உரிமை

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். அதாவது, அவள் நலம். தங்கள் மூட்டுவலியும் அத்தையின் இரத்த அழுத்தமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். இந்தக் கடிதத்தால் கூடாமல் இருந்தால் சரி.

நான் யாரையும் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் வயிறு எரிகிறது மாமா, பொய் சொல்ல மாட்டேன். பதினேழு பேய்ப் படங்களில் முதல் காட்சியில் செத்தவன் நான். அது என்ன லேசுப்பட்ட வேலையா? ஒருத்தன் வீட்டுக்குள் வருகிறான், செருப்பைக் கழற்றுகிறான், பெண்டாட்டிக்குப் போன் போட்டு, "வந்து சேர்ந்துட்டேம்மா, நீ சாப்பிடு" என்கிறான். அந்த ஒரு நிமிடத்தில் ஜனங்களுக்கு அவனைப் பிடித்துவிட வேண்டும். பிடித்தால்தான் அவன் செத்த பிறகு மீதி இரண்டு மணி நேரமும் ஜன்னல் திரை ஆடினால்கூட அலறுவார்கள். கதாநாயகன் வருவதே என் பிணத்தைப் பார்க்கத்தான்!

பதினெட்டாவது படத்துக்குப் போகும்போது, புத்தி கெட்டுப்போய் உங்கள் இளைய மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிற மனுஷன். உங்கள் வீட்டுக்கு வந்தால் மின்விசிறிக்கு நேர் கீழே அவருக்குத்தான் நாற்காலி போடுகிறீர்கள். நான் எப்படிச் சாகிறேன் என்று ஒரு தடவை நேரில் பார்க்கட்டுமே என்று ஓர் ஆசை. கேமரா ஓடியது. கதவைத் திறந்தேன். அது கிரீச்சென்றதும், பதினேழு படப் பழக்கம் பாருங்கள், உடம்பு தன்னால் சரிந்து தரையில் விழுந்துவிட்டது. பேய் இன்னும் மேக்கப் அறையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறது! இரண்டாவது டேக்கிலும் அதே கதை. மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டைரக்டர், என் மகன் வயசுதான் இருக்கும், வந்து சொல்கிறான்: "சார், நீங்க உள்ள வரும்போதே செத்த மூஞ்சியோட வர்றீங்க. அப்புறம் பேய்க்கு என்ன சார் வேலை?"

அந்த நேரம் பார்த்து நம்ம சகலை பாத்ரூம் தேடிக்கொண்டு அதே கதவைத் திறந்து உள்ளே வந்து, சுவரில் ஸ்விட்சைத் தடவி, "சார்... யாராவது இருக்கீங்களா?" என்றார். அவசரத்தில் வந்த முகம் மாமா அது, நடிப்பா? ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "இவர்தான்! பக்கத்து வீட்டு மனுஷர் மாதிரி இருக்கார், ஐயோ இவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதேன்னு மனசு அடிச்சுக்குது!" என்று டைரக்டர் குதிக்கிறான். இவரோ, "எனக்கு நாளைக்குப் பரீட்சை ட்யூட்டி இருக்கே" என்று இழுக்கிறார். கேட்டீர்களா கொழுப்பை!

வீட்டுக்கு வந்து உங்கள் மகளிடம் கொட்டினேன். அவள் போனில் அந்தத் துண்டுக் காட்சியைப் பார்த்துவிட்டு, "எனக்கு நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சுங்க. நீங்க இத்தனை தடவை செத்திருக்கீங்க, ஒரு தடவைகூட இப்படி ஆனதில்ல" என்றாள். உடனே பேனாவை எடுத்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே, என் பிழைப்பில் மண்ணைப் போடாமல் ஒதுங்கிக்கொள்ளும்படி நீங்கள் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சினிமாவுக்கு ஒரு கும்பிடு. அவர் இருக்கிற வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், அந்தப் படத்தைப் பார்க்கவும் மாட்டேன்.

உங்கள் இருவர் காலிலும் விழுந்து வணங்கி (விழுவதாவது எனக்கு ஒழுங்காக வரும்),

மூத்த மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது டைரக்டர் போன் செய்தார். பேயாக நடித்தவருக்கு மேக்கப் ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கிவிட்டதாம். முதல் காட்சியில் சகலையின் கழுத்தை நெரிக்க அனுபவமுள்ள ஆள் வேண்டுமாம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். தங்கமான மனுஷர் அவர், கட்டாயம் நடிக்கட்டும், தடுக்காதீர்கள். எனக்கு முதல் பத்து டேக் சரியாக வராது என்று டைரக்டரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.