ஆதி தாளத்தில் ஓடிய மோட்டார்

பிரான்ஸ் தேசத்தில் மோட்டாரை எங்கே எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம் என்று கல்கத்தாவில் முழுசாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பிரான்ஸுக்குப் போனதில்லை. மோட்டாரில் ஏறினதுமில்லை. சைக்கிளைக் கண்டாலே ஓரமாக ஒதுங்கிவிடுவார்.

கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் கப்பல் ஆபீசில் அவருக்குப் பெயர் பிரெஞ்சு ஐயர். காரைக்கால்காரர். பிரெஞ்சுக் கடிதம் வந்தால் படித்து இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார். வருவது மாதத்துக்கு இரண்டு கடிதம். மீதி நேரமெல்லாம் ஜன்னல் வழியே கப்பல் புகையைப் பார்த்தபடி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் அந்தச் சுற்று ஆவர்த்தனம் முடிந்த பிறகுதான் "ம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருஷம் எங்கள் பெரிய துரை லீவில் சீமைக்குப் போகும்போது, மோட்டாரையும் டிரைவர் முனுசாமியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் பிரான்ஸைச் சுற்றிப் பார்ப்பதென்று தீர்மானித்தார். முனுசாமி வேலூர்ப் பக்கத்து ஆள். ஐயரைவிடப் பத்து வயது மூத்தவர். துரை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: அங்கே வேகத்துக்குச் சட்டம் உண்டு, ஒரு தரம் போலீஸ் பிடித்தாலும் வேலை போயிற்று. முனுசாமி வீட்டில் அவர் சம்பளத்தை நம்பி ஏழு வயிறு. மனிதர் நேரே ஐயரிடம் வந்தார்.

"நான் எழுத்துப் படிச்சவன் இல்ல சாமி. பலகையில என்ன எழுதியிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். வண்டியில வேகம் காட்டுற கருவியும் கெடையாது. என்ன பண்ணுவேன்?"

ஐயர் துரையிடமிருந்து சட்டப் புஸ்தகத்தை வாங்கி மூன்று நாள் படித்தார். ஊருக்கு வெளியே மணிக்கு முப்பது கிலோமீட்டர், ஊருக்குள் இருபது. சாலையோரத்தில் நூறு மீட்டருக்கு ஒரு சின்னக் கல் நட்டிருக்கும். வேறு யாராவதாக இருந்தால் முனுசாமியை ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

"கடிகாரத்தைப் பாத்துண்டிருந்தா ரோட்டை யார் பாக்கறது?" என்றார் ஐயர். பிறகு முனுசாமியிடம், "நீர் தாளம் போடும். ஊருக்குள்ளே கல்லுக்குக் கல் ஆதி தாளம் ரெண்டு ஆவர்த்தனம். அது முடியறதுக்குள்ளே அடுத்த கல் வந்துட்டா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், குறையும். வெளியிலே ரூபக தாளம் ரெண்டு போறும்" என்றார்.

மைதானத்து ஓரத்தில் கயிறு பிடித்து அளந்து மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கயிறு பிடித்தவன் நான். தினமும் மத்தியானம் தயிர்சாதத்தை முடித்துக்கொண்டு ஐயர் மரத்தடியில் நின்று தாளம் போடுவார். முனுசாமி கட்டைவிரலால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே மோட்டாரை ஓட்டுவார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வரும். மோட்டார் சத்தம்கூட யாரோ தூரத்தில் சுருதி கூட்டுவது மாதிரி இருக்கும். எனக்குச் சொக்கிக்கொண்டு வரும். வழியே போன ஒரு வங்காளி பாபு நின்று, "கீ ஹொச்சே, தாதா?" என்று, என்ன நடக்கிறதென்று விசாரித்தார்.

"பிரான்ஸுக்குப் போயிண்டிருக்கோம்" என்றார் ஐயர், தாளம் தப்பாமல்.

கப்பல் புறப்பட்டு ஒரு வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் ஐயர் மேஜையில் போட்ட தாளத்தை, வேலையில்லாமல், ஆபீஸ் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். விறுவிறுவென்று இருந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தேன். பாதிக்குப் பாதி இழுத்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தயிர்சாதத்துக்கு அப்பறம்னா ஓய். மனுஷர் மாட்டுவண்டி வேகத்திலேன்னா போவர். துரை பொறுப்பாரா? அங்கேயே சீட்டைக் கிழிச்சுடுவாரே."

தந்தி அடிக்கலாமென்றால் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு எது விலாசம்? மூன்று மாசம் அந்த மனிதர் தாளமே போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் முனுசாமி வீட்டுக்குப் போய், "எல்லாரும் சௌக்கியந்தானே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். விஷயத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் அந்த மூன்று மாசத்தில் போயே போய்விட்டது.

துரை திரும்பி வந்தார். மோட்டாரை ஓட்டி வந்தது முனுசாமிதான். துரை ஐயரை ஏற இறங்கப் பார்த்து, "சாராயப் பீப்பாய் ஏற்றின வண்டியெல்லாம் எங்களைத் தாண்டிப் போயிற்று" என்று உறுமினார். ஆனால் அவரோடு சேர்ந்து போன சிநேகிதர்களின் மோட்டார் நான்கும் புதரில் ஒளிந்திருந்த போலீஸிடம் மாட்டிக்கொண்டனவாம். தப்பித்தது அவருடையது மட்டும்தான். அதைக் கிளப்பில் சொல்லிச் சொல்லி மகிழ்வதற்காகவாவது அவருக்கு முனுசாமி வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் முனுசாமி ஐயரைப் பார்க்க ஆபீசுக்கு வந்தார். ஐயர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னை மன்னிச்சுக்கணும். தாளத்தை இழுத்துட்டேன்."

"எதுக்கு சாமி மன்னிக்கிறது? மத்தவங்க ரோட்டைத்தான் பார்த்தாங்க. நான் ஊரெல்லாம் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒசரமா மரம். கோதுமைக் கொல்லையில செவப்பா பூ. ஆத்தங்கரையில பொம்பளைங்க துணி தொவைக்கிறாங்க. ஒரு கெழவி கையை ஆட்டிச்சு. நானும் கையை ஆட்டி, சிரிச்சு முடிக்கிற வரைக்கும் அது என் எதுத்தாப்புலயேதான் இருந்துது."

ஐயர் மெல்ல உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

"அப்பறம்?" என்றார்.

முனுசாமி தன் கதையில் அடுத்த ஊருக்குப் போனார். நான் வீட்டுக்குப் போகும் டிராம் வந்து நின்று போவது கேட்டது. நான் அசையவில்லை. நாற்காலி நகர்கிற சத்தத்தில் ஐயர் கண்ணைத் திறந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.