யாரும் போகாத ஊருக்கு ஓர் ஓடாத கடிகாரம்

இந்தத் துர்கா பூஜை லீவுக்குப் பூரிக்குப் போவதில்லை என்று சபதம் எடுத்தேன். சும்மா இல்லை. குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு, கண்ணாடி முன்னால் நின்று எடுத்த சபதம். கண்ணாடியில் தெரிந்த ஆள் உடனே ஒத்துக்கொண்டான். அவன் என் மனைவி இல்லையே!

பூஜை லீவு விட்டால் கொல்கத்தாவே மூட்டை கட்டும். என் மனைவி ஷெஃபாலி கட்டும் மூட்டை மட்டும் வருஷா வருஷம் பூரிக்குத்தான். அதே ஜெகந்நாதர், அதே கடல், அதே ஓட்டல், அதே பால்கனி. அந்தப் பால்கனி நாற்காலியில் என் முதுகின் அச்சு விழுந்திருக்கிறது.

மாடி வீட்டு ஹரிசாதன் கோஷால் அப்படியில்லை. எலிகளைக் கும்பிடும் ஊர், பேய் குடியிருக்கும் கோட்டை என்று எங்கேயாவது போய்விட்டு வந்து, தெருவையே உட்காரவைத்துப் போட்டோ காட்டுவான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நிகில்-தா, நீங்க இந்த வருஷமும் பூரிதானே?" என்பான். தெருவே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தடவை, அவன் காலடி படாத இடத்தில் நான் நிற்க வேண்டும். வாழ்க்கையில் நான் வேறெதுவும் கேட்கவில்லை.

அலைந்து திரிந்து கண்டுபிடித்தேன்.

"ஷெஃபாலி, இந்தத் தடவை தும்லிங்."

"அது என்ன, பலகாரமா?"

"ஊரு! காலிம்போங்குக்கு அந்தப் பக்கம், மலை மேல. அங்க ஒரு மரம் இருக்கு. நேரம் சரியில்லாதவங்க ஓடாத கடிகாரத்தைக் கொண்டுபோய் அதுல கட்டிட்டு வருவாங்க. கெட்ட நேரம் அங்கேயே நின்னுடுமாம்."

"எனக்கு நேரம் நல்லாத்தானே இருக்கு? பூரிக்குப் போனா இன்னும் நல்லா இருக்கும்."

"ஒரு வங்காளிகூட அங்க போனதில்லடி!"

அவள் கடுகு அரைப்பதை நிறுத்தினாள். "வங்காளி போகாத ஊரா? அப்படி ஒண்ண ஆண்டவன் இன்னும் படைக்கலீங்க."

"பந்தயமா? நம்மளத் தவிர ஒரு வங்காளி மூஞ்சி அங்க தெரிஞ்சா, அங்கேருந்து நேரா உன்னைப் பூரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அப்புறம் ஆயுசுக்கும் பூரிதான். வாயே திறக்க மாட்டேன்."

"ஜெகந்நாதர் மேல சத்தியமா?"

"சத்தியம். ஆனா விஷயம் வெளிய போகக்கூடாது. யார் கேட்டாலும் பூரின்னுதான் சொல்லணும்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஒரே ஒரு பொய்."

"சரிங்க. பூரிங்கிற பேரத் தவிர வேற ஊர் பேரு என் வாயில வராது. இதுவும் ஜெகந்நாதர் மேல சத்தியம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்!

மறுநாள் காலை நான் எதிர் டீக்கடையில் இருந்தேன். கோஷாலும் இருந்தான். மேலே எங்கள் பால்கனியிலிருந்து ஷெஃபாலியின் குரல், தெருமுனை வரை கேட்கிற மாதிரி.

"ஏங்க! பூரிக்குக் கம்பளிக் குல்லா ஒண்ணு போதுமா, ரெண்டு எடுத்துக்கவா?"

டீக்கடையே அண்ணாந்து பார்த்தது.

"பூரிக்குக் கம்பளிக் குல்லாவா?" என்றான் கோஷால்.

"கடல் காத்து," என்றேன். டீ சுட்டுவிட்டது.

அடுத்தது மீன் மார்க்கெட். தெருப் பெண்கள் எல்லாரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, "கல் உப்பு நிறைய வாங்குங்க. பூரியில அட்டைக் கடி ஜாஸ்தியாமே!" என்றாள். அதற்கப்புறம் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரிடம் போய், "ஓடவே ஓடாத கடிகாரமா ஒண்ணு குடுங்க. பூரியில மரத்துல கட்டணும்," என்றாளாம். மனிதர் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

வீட்டில் கத்தினேன். "அறிவிருக்கா உனக்கு?"

"நான் பூரின்னுதானே சொன்னேன்?"

யோசித்தேன். பூரி என்றுதான் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் என்னத்தைத் திட்டுவது?

ஆனால் ஒன்று. அதற்கப்புறம் கோஷால் என்னை எதுவுமே கேட்கவில்லை. என்னைப் பார்த்தால் சிரித்துவிட்டு மாடிக்கு ஓடிவிடுவான். பயல் அடங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

லீவு வந்தது. ரயில், ஜீப், அப்புறம் மூச்சு முட்ட ஏற்றம். வழியெல்லாம் அட்டை. நல்லவேளை, உப்பு இருந்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் அந்த மரம். கிளைக்குக் கிளை கடிகாரங்கள். சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம், அலாரம். ஒன்றுக்கும் சத்தமில்லை. எனக்குப் புல்லரித்தது. சுற்றிலும் பார்த்தேன். பனியும் ஓர் ஆடும். ஆடு வங்காளி இல்லை.

"பாத்தியா ஷெஃபாலி? ஒரு ஆள்? ஒரே ஒரு வங்காளி?" என்று குதித்தேன்.

அவள் பாறையில் உட்கார்ந்து பொரியில் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். "அவசரப்படாதீங்க. கோஷாலுக்கு முட்டி வலி. மெதுவாத்தானே வரணும்?"

"யாருக்கு?"

பதில் கீழே இருந்து வந்தது.

"நிகில்-தா! கடல் எந்தப் பக்கம்?"

பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு கம்பளிக் குல்லா வந்தது. அதற்குள் கோஷால். அவன் பின்னால் எங்கள் தெரு கிளப் முழுவதும், பெண்டாட்டி பிள்ளைகளோடு. ஆளுக்கொரு ஓடாத கடிகாரம். கடைசியில் கிளப் சமையல்காரர், தலையில் வாணலி, கையில் மீன் கூடை. நான் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ சொல்லிட்டியாடி?"

"ஜெகந்நாதர் மேல சத்தியமா இல்ல. அவரையே கேளுங்க."

"ஷெஃபாலி பௌதி ஒரு வார்த்த சொல்லல!" என்றான் கோஷால், மூச்சு வாங்கிக்கொண்டே. "குல்லா, அட்டை, நின்னுபோன கடிகாரம். இதெல்லாம் இருக்கிற பூரி எங்க இருக்குன்னு ராவும் பகலும் புஸ்தகத்தைப் புரட்டினேன். ஒரு ஊர வங்காளிகிட்ட மறைச்சா அவன் சும்மா விடுவானா, நிகில்-தா? அருமையான இடம்!"

நான் எழுந்து போய் என் கடிகாரத்தை மரத்தில் கட்டினேன். இரட்டை முடிச்சாகவே போட்டேன்.

"சரி, தோத்துட்டேன்," என்றேன் ஷெஃபாலியிடம். "அடுத்த வருஷத்துலேருந்து பூரி."

"அடுத்த வருஷமா? இங்கேருந்து நேரான்னு சத்தியம் பண்ணீங்களே!" கைப்பையைத் திறந்து ரயில் டிக்கெட்டை நீட்டினாள்.

"இத எப்ப எடுத்த?"

"நீங்க சத்தியம் பண்ணின அன்னிக்குச் சாயங்காலமே. அதே ஓட்டல்தான். அதே நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

கோஷால் விடவில்லை. "இருந்தாலும் நிகில்-தா, தெருவுக்கே பொய் சொல்லிட்டீங்களே, நியாயமா?"

ஷெஃபாலிக்கு வந்ததே கோபம்! "என் வீட்டுக்காரர் என்னிக்குங்க பொய் சொன்னாரு? நாங்க பூரிக்குத்தான் போறோம்!"