ஷெத்லி சிந்திய மஞ்சள்கரு குறித்து முன்ஸிஃப் மாமாவுக்கு

பேஜா,
ஞாயிறு மாலை

பெருமதிப்பிற்குரிய முன்ஸிஃப் மாமா அவர்களுக்கு,

மருமகள் ரஃபீக்கா ஸலாம் கூறி எழுதுவது. கஃப்ஸா வெயிலில் தாங்களும் மாமியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே தலெந்தா அக்காவின் கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாம் நலம். இன்று மதியம் நடந்ததை ஒன்றும் கூட்டாமல், குறைக்காமல், உண்மையாக எழுதப்போகிறேன். காரணம், ஸுபெய்தா அத்தையும் பக்கத்து அறையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். தாய்மாமன் சொல்வதுதான் முடிவு என்று அப்பா நழுவிவிட்டதால், எந்தக் கடிதத்தைத் தாங்கள் நம்புகிறீர்களோ அதைப் பொறுத்தே அக்காவின் வாழ்க்கை.

மாப்பிள்ளை பெயர் ஷெத்லி. கெர்கென்னா தீவுக்காரர், எங்கள் ஊர் மருந்துக்கடையில் வேலை. சொந்தமாக ஒரு கோதுமை வயல்கூட இல்லாதவனை நம்ப முடியாது என்பது அத்தையின் கட்சி. வெள்ளைச் சட்டை போட்டு வந்ததே அவருடைய முதல் பிழை என்கிறார். எனக்கு அது துணிச்சலாகப் பட்டது. பெண் கேட்டு வருகிறவர், முட்டை வைத்துப் பொரித்த ப்ரிக்கை மஞ்சள்கரு ஒரு சொட்டும் சிந்தாமல் கையால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும், சிந்தினால் பெண் கிடையாது என்ற வழக்கம் தாங்கள் அறிந்ததே. அம்மா மெல்லிய மாவுத் தாளில் சூரை மீனும் கொத்தமல்லியும் வைத்து, முட்டையை உடைத்து ஊற்றி, மடித்து எண்ணெயில் போட்டார். முட்டை இறுகுவதற்குள் அத்தை குறுக்கே புகுந்து, போதும் எடு என்று தானே கரண்டியால் எடுத்துவிட்டார். இதை நான் கண்ணால் பார்த்தேன். ஷெத்லி இரண்டு முனைகளையும் பிடித்து, தலையைச் சாய்த்து, நடுவிலிருந்து உறிஞ்சி, மிகச் சரியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; அப்பாகூட மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அத்தை, "உங்க தீவுல கோழி உண்டா, இல்ல முட்டையையும் வலை போட்டுத்தான் பிடிப்பீங்களா?" என்று கேட்டார். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை, மாமா. வாயைத் திறந்தார். மஞ்சள்கரு மணிக்கட்டு வழியாக இறங்கி, சட்டைக் கைக்குள் புகுந்து, முழங்கையில் வெளியே வந்தது.

"முடிஞ்சுது. எந்திரிங்க தம்பி," என்றார் அத்தை.

அப்பா மேஜை விரிப்பின் பூக்களை ஆராயத் தொடங்கினார். அம்மா கறைக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வந்தார். நான் எழுந்து நின்று, நம் நாட்டுத் திருமணச் சட்டத்தைப் பள்ளி நூலகத்தில் படித்திருக்கிறேன், இருவரின் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது, முட்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றேன். அப்பா என்னை ரொட்டி எடுத்துவரச் சொன்னார். ரொட்டி மேஜையில்தான் இருந்தது.

அப்போது அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். அத்தையின் தட்டில் இருந்த ப்ரிக்கை எடுத்தாள். இன்றைக்கென்றே தைத்த நீலப் பாவாடைக்கு நேர் மேலே அதைப் பிடித்துக்கொண்டு, எப்படிக் கடிக்கக் கூடாதோ அப்படிக் கடித்தாள். கழுத்திலிருந்து மடி வரை மஞ்சள். வாயைத் துடைக்காமலே, "இப்ப நானும் சிந்திட்டேன். வழக்கப்படி என்னையும் எவனும் கட்டக் கூடாது. இவரையும் எவளும் கட்ட மாட்டா. மிச்சம் நாங்க ரெண்டு பேருதான்," என்றாள்.

அம்மா தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அது தன்னுடைய ப்ரிக் என்று அத்தை மெல்லிய குரலில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஆகையால் மாமா, "சம்மதம்" என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்புங்கள். வேண்டாம் என்று எழுதினால், மரியாதை குறையாமல் சொல்கிறேன், நாங்கள் கேட்கப்போவதில்லை. அக்கா சண்டை போடுவாள். நான் மேற்கோள் காட்டுவேன்.

மாமியின் கைகளுக்கு என் முத்தம். தங்கள் வீட்டு எண்ணெய்ச் சாடி ஒருபோதும் வற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள ரஃபீக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. கறைபட்ட சட்டைக்குப் பதிலாக இரவல் வாங்கிப் போட்டுப்போன அப்பாவின் சட்டையைக் கொடுக்க ஷெத்லி திரும்பி வந்தார். அப்பாவும் மனம் இளகி, கல்யாண விருந்துக்கு ஆட்டுக்கறி கூஸ்கூஸ் என்று பேச்சை ஆரம்பித்தார். எங்கள் தீவில் கல்யாணக் கூஸ்கூஸ் என்றால் பேய்க்கணவாய்தான் என்று ஷெத்லி பணிவாகச் சொன்னார். எட்டுக் கால் உள்ள எதுவும் தன் விருந்துக்கு வராது என்றாள் அக்கா. அதற்கு அவர், "முட்டை விஷயத்துல தலை குனிஞ்சு உக்காந்திருந்தேன். இதுல குனிய மாட்டேன்," என்று சொல்லி, அப்பாவின் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு வாசலில் நிற்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், மாப்பிள்ளை வீட்டு வழக்கத்தை மதிக்க வேண்டும், இந்தப் பையனுக்கு இவ்வளவு ரோஷம் உண்டென்று தெரியாமல் போயிற்றே என்று அத்தை அவர் பக்கம் சேர்ந்துவிட்டார். தன் கடிதத்தையும் கிழித்துவிட்டார். எனவே மேலே நான் அத்தையைப் பற்றி எழுதியது இனிப் பொருந்தாது. அக்காவைப் பற்றி எழுதியதும் சந்தேகம்தான். ஒரே வார்த்தை போதாது, நேரில் வாருங்கள். என்னைக் கேட்டால், பேய்க்கணவாயை ஒரு முறையாவது சுவைத்துப் பார்த்துவிட்டு

"ஆட்டுக்கறின்னு எழுது," என்று சொல்லி அக்கா விளக்கை அணைத்துவிட்டாள்.